ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஏன் குறி தவறுகிறது? வகைகளும் பழக வேண்டிய முறையும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பிரிங்கால் காற்றை நெருக்கி ஈயக் குண்டைத் தள்ளும் ஸ்பிரிங் ஏர் ரைபிள் வாங்கிய முதல் மாதத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள். "ஐந்து சுட்டால் மூன்று ஒரே ஓட்டையில் விழுகிறது, மிச்சம் இரண்டு எங்கோ போகிறது." முதலில் பெல்லட்டை, அதாவது அந்த ஈயக் குண்டைக் குறை சொல்வார்கள், அப்புறம் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை. கடைசியில் "பிரேக் பேரல்னாலே இப்படித்தான், அண்டர் லீவர் வாங்கியிருக்கணும்" என்று, ஸ்பிரிங்கைக் குழலை மடக்கி அடைப்பதா, அடியில் உள்ள லீவரை இழுத்து அடைப்பதா என்ற வகையின் மேலேயே பழி விழும். நானும் இதே வரிசையில் குறை சொன்னவன்தான். பெல்லட்டுக்கு மட்டும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்த பிறகு, துப்பாக்கியின் மரக் கட்டையைப் பிடித்திருந்த முன் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தேன்.

பல வருடம் சுட்ட பிறகு எனக்குப் பட்டது இதுதான்: ஒழுங்காகச் செய்யப்பட்ட எந்த வகை ஸ்பிரிங் ரைபிளும் 10 மீட்டரில் பத்து குண்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போடும். சுடுபவரின் கைத் தவறை அது எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் வகைக்கு வகை மாறுகிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பொறுமையைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன்

சட்டம் இரண்டு வரியில். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ குழல் விட்டமும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை, 5.5 மி.மீ என்றால் தேவை. பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும் விஷயம். இங்கே பேசுவது காகித இலக்கைப் பற்றி மட்டும்.

பாதுகாப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவரைப் பின்னால் வைத்துச் சுடாதீர்கள், ஈயம் திரும்பி வரும். ஒரு தடித்த அட்டைப்பெட்டிக்குள் பழைய புடவை, துணி, நாளிதழ் எல்லாம் இறுக்கமாக அடைத்தால் நல்ல தடுப்பு கிடைக்கும். ஆனால் பெட்டிக்கு அப்பாலும் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பிரேக் பேரலில் பெல்லட் வைக்கும்போது மடக்கிய குழலை ஒரு கையால் விடாமல் பிடித்திருங்கள். அண்டர் லீவரிலும் சைடு லீவரிலும் லீவரைப் பிடித்தபடியே பெல்லட் வையுங்கள். உள்ளே சறுக்கும் சிலிண்டர் தற்செயலாக விடுபட்டால் கட்டைவிரல் நுனி போய்விடும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் டீ குடிக்கப் போகாதீர்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

விசையை (ட்ரிக்கர்) அழுத்தியதும் அடைபட்டிருந்த ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் தனக்கு முன்னால் இருக்கும் காற்றை நெருக்குகிறது. பெல்லட் உடனே கிளம்பிவிடுவதில்லை. பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசிக்கு வந்து அழுத்தம் உச்சத்தை நெருங்கும்போதுதான் அது நகரத் தொடங்கும். அதற்குள் துப்பாக்கி நகர்ந்திருக்கும்.

பரிசலில் இருந்து கரைக்குத் தாவினால் பரிசல் பின்னால் நழுவும் இல்லையா, அதே கதைதான். பிஸ்டனும் அதோடு ஓடும் ஸ்பிரிங் பகுதியும் சேர்ந்து 300 கிராம், துப்பாக்கி 3.5 கிலோ, பிஸ்டன் ஓடும் தூரம் 80 மி.மீ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். துப்பாக்கி 6 மி.மீக்கு மேல் பின்னால் வந்த பிறகுதான் பெல்லட் பயணத்தைத் தொடங்குகிறது. அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. பிஸ்டன் நெருக்கப்பட்ட காற்று மெத்தையில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் வெடுக்கென்று இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு உதைப்புக்கும் நடுவில்தான், சில மில்லி வினாடிகளில், பெல்லட் குழலைக் கடந்து வெளியேறுகிறது. சுருள் ஸ்பிரிங் விரியும்போது லேசாகத் திருகவும் செய்யும். அந்தத் திருகலும் கட்டைக்கு வரும்.

வெடிமருந்துத் துப்பாக்கியில் குண்டு நகரத் தொடங்கும்போதுதான் உதைப்பும் தொடங்கும், அதுவும் ஒரே திசையில். ராணுவத்திலோ என்.சி.சியிலோ ரைபிள் பழகியவர்கள் ஸ்பிரிங் ஏர்கன்னில் திணறுவது இதனால்தான். தோளில் இறுக்கி அழுத்திப் பிடி என்று அங்கே கற்றது இங்கே எதிரியாகிவிடும்.

இந்த 6 மி.மீ நகர்வை நாம் தடுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அது ஒரே மாதிரி நகரும்படி செய்ய முடியும், அவ்வளவுதான். இன்று இறுக்கம், நாளை தளர்வு என்று பிடித்தால் குழல் வாய் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெல்லட் வெளியேறும்.

வகைகள்: எது எவ்வளவு பொறுத்துக்கொள்ளும்

பிரேக் பேரல். குழலையே நெம்புகோலாக மடக்கி ஸ்பிரிங்கை அடைக்கும் வகை. இந்தியாவில் விற்பதில் பெரும்பாலானவை இதுதான், டயானா 34 இதன் உலகறிந்த உதாரணம். "மடங்குகிற குழல் எப்படி ஒரே இடத்தில் வந்து உட்காரும்?" என்பது நியாயமான சந்தேகம். நல்ல தயாரிப்பில் அது உட்காரும். வால்தர் எல்.ஜி.வி என்ற பழைய போட்டித் துப்பாக்கியே பிரேக் பேரல்தான். கனமான குழலும் அதைப் பூட்ட ஒரு கொக்கியும் வைத்திருந்தார்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. டயானா 34 போன்றவற்றில் முன் குறியும் பின் குறியும் இரண்டுமே குழலோடு சேர்ந்த பகுதியில்தான் இருக்கின்றன. அதாவது குழல் கீல் ஒரு இழை மாறி உட்கார்ந்தாலும் குறிகளும் கூடவே மாறும், இலக்கில் வித்தியாசம் தெரியாது. ஸ்கோப் போட்டால்தான் வம்பு. ஸ்கோப் சிலிண்டரின் மேல், குழல் கீலுக்கு அந்தப் பக்கம். கீல் ஆடினால் அப்போதுதான் தெரியும். "ஸ்கோப் போட்டதும் மோசமாகிவிட்டது" என்று சொல்பவர்களில் சிலர் பொய் சொல்லவில்லை.

பிரேக் பேரலின் உண்மையான சிரமம் வேறு. இது பொதுவாக எடை குறைவானது. அதே பிஸ்டன் இலேசான துப்பாக்கியை அதிகம் நகர்த்தும்.

அண்டர் லீவர். குழல் அசையாது, அடியில் இருக்கும் லீவரை இழுத்து அடைக்க வேண்டும். ஜெர்மனியின் வைராஹ் நிறுவனத்தின் எச்.டபிள்யூ 77, 97, இங்கிலாந்தின் ஏர் ஆர்ம்ஸ் டி.எக்ஸ் 200 மூன்றும் இந்த இனத்தின் பெயர்பெற்ற பிள்ளைகள். 1980இல் இங்கிலாந்தில் ஃபீல்டு டார்கெட் (வெவ்வேறு தூரத்தில் வைத்த உலோக இலக்குகளைச் சுடும்) போட்டி தொடங்கிய பிறகு, முன்கூட்டியே காற்றை அழுத்தி அடைத்து வைக்கும் அழுத்தக் காற்று ரைபிள்கள் வந்து இடத்தைப் பிடிக்கும் வரை எச்.டபிள்யூ 77 அங்கே கொடிகட்டிப் பறந்தது. அசையாத குழல்தான் காரணம் என்று சொல்வார்கள். என் கணக்கில் பாதிக் காரணம்தான் அது. மீதி, அதன் எடை: 4 கிலோவை ஒட்டி, அதுவும் முன்பக்கம் சாய்ந்த எடை. நகர்வு குறைவு, குழல் வாய் துள்ளுவதும் குறைவு. கூடவே வைராஹின் ரெக்கார்ட் விசை, கண்ணாடிக் குச்சி ஒடிவது போல விடுபடும்.

சைடு லீவர். டயானா 48, 52. அண்டர் லீவரின் எல்லா நன்மையும் உண்டு. ஆனால் லீவரின் எடை ஒரு பக்கமாக இருப்பதால், கவனிக்காவிட்டால் துப்பாக்கி சாய்ந்தபடியே சுடுவீர்கள். அந்தச் சாய்வு 10 மீட்டரில் தெரியாது, 30 மீட்டரில் பல்லிளிக்கும்.

டேப் வகை. பழைய பி.எஸ்.ஏ ஏர்ஸ்போர்ட்டர் போல, ஒரு சிறிய திருகு குழாயில் பெல்லட்டைப் போட்டுத் திருப்பும் அமைப்பு. பெல்லட் அங்கிருந்து குழலுக்குத் தாவ வேண்டும், அந்தத் தாவலில் அதன் பாவாடை (விரிந்த பின்பகுதி) ஓரம் நசுங்கலாம். பழம்பொருளாக அழகு. துல்லியத்துக்காக யாரும் இன்று தேட வேண்டியதில்லை.

கேஸ் ராம். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக வாயு அடைத்த உருளை, கார் டிக்கி கதவைத் தாங்கும் தண்டு மாதிரி. இங்கிலாந்தின் தியோபென் இதைப் பரவலாக்கியது. திருகல் இல்லை, "டொய்ங்" என்ற அதிர்வும் இல்லை. பிஸ்டன் வேகமாக ஓடி முடித்துவிடும். ஆனால் உதைப்பு குத்துவது போல் கூர்மையானது. மலிவான கேஸ் ராம் ரைபிளின் விளம்பரத்தில் "அதிர்வே இல்லை" என்று இருந்தால் பாதியை மட்டும் நம்புங்கள்.

உதைப்பை மறைப்பவை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1960களிலும் 70களிலும் ஜெர்மன் பொறியாளர்கள் இந்த 6 மி.மீ பிரச்சினையைத் தீர்க்க இரண்டு வழி கண்டார்கள். ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ்ஸில் விசை விடுபடும் கணத்தில் குழலும் சிலிண்டரும் மொத்தமாகக் கட்டையிலிருந்து விடுபட்டு, தண்டவாளத்தில் போவது போல் பின்னால் சறுக்கும். நகர்வு இருக்கிறது, ஆனால் அது உங்கள் தோளுக்கும் கைக்கும் சம்பந்தமில்லாமல் நடந்து முடிகிறது. டயானா 54 இதே யோசனையைக் கொண்டது. இரண்டாவது, டயானாவின் கிஸ் முறை: பற்சக்கரத்தால் இணைந்த இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிர்த் திசையில் ஓடும், ஒன்றின் உதைப்பை மற்றது தின்றுவிடும். டயானா 75 சைடு லீவரை எடுத்துச் சுட்டால் யாரோ ஸ்டேப்ளரை அழுத்தியது போல இருக்கும், அவ்வளவுதான். 1984இல் 10 மீட்டர் ஏர் ரைபிள் ஒலிம்பிக்கில் நுழைந்த காலத்திலேயே லீவரை ஒரே முறை இழுத்துக் காற்றை அடைக்கும் ஒற்றை பம்ப் வகையும், பின்னர் அழுத்தக் காற்று வகையும் போட்டிகளைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் நல்ல நிலையில் இருக்கும் ஒரு 300 எஸ் இன்றும் 10 மீட்டரில் ஒரே கிழிந்த ஓட்டையைத்தான் போடும்.

புதிதாக வாங்குபவருக்கு என் கருத்து: ஆற்றல் குறைந்த, நடுத்தர எடை உள்ள ரைபிளை எடுங்கள். வேகத்தைப் பெட்டியில் பெரிதாக அச்சடித்த மேக்னம் வேண்டாம். ஜெர்மனியில் உரிமமின்றி விற்கும் வரம்பு 7.5 ஜூல்தான், அந்த ஆற்றலில் எச்.டபிள்யூ 30 போன்ற குட்டித் துப்பாக்கி 10 மீட்டரில் பெரிய அண்ணன்களை வெட்கப்பட வைக்கும்.

படி 1: திருகுகளும் கீலும்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கட்டையின் முன்பக்கத் திருகுகள் இரண்டு, விசைக் காப்புத் திருகுகள் ஒன்றோ இரண்டோ. சரியான அளவு திருப்புளியால் கையிறுக்கம் கொடுங்கள், மரம் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். இரண்டு திசையிலும் உதைப்பதால் இவை தளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு நூறு குண்டுக்கும் ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

பிரேக் பேரலில் குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் கீல் திருகை இறுக்க வேண்டும். மடக்கி அடைத்த நிலையில், ஆபத்தில்லாத திசையில் வைத்துக்கொண்டு, விசைப் பக்கம் விரல் போகாமல், குழலைப் பாதி திறந்த நிலையில் விட்டால் அது விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் கீல் தளர்வு. அப்புறம், குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் ஒரு டிஷ்யூ காகிதத் துண்டை வைத்துச் சுடுங்கள். காகிதம் பறந்தால் ரப்பர் சீல் கசிகிறது, ஒவ்வொரு குண்டும் வெவ்வேறு வேகத்தில் போகிறது என்று அர்த்தம்.

படி 2: புது ரைபிளின் புகையை விட்டுவிடுங்கள்

புதுத் துப்பாக்கியில் தொழிற்சாலை எண்ணெய் மிச்சம் இருக்கும். நெருக்கப்படும் காற்றின் சூட்டில் அது எரியும். புகை வரும், சத்தம் வெடிபோல் கேட்கும், வேகம் தாறுமாறாக இருக்கும். இருநூறு, சில நேரம் ஐந்நூறு குண்டுகூடப் போகட்டும். அதுவரை குரூப் (குண்டுகள் சேர்ந்து விழும் பரப்பு) அளந்து மனம் நோகாதீர்கள்.

ஒரு கடைக்காரர் எனக்குச் சொன்னார், "காற்று ஓட்டைக்குள்ள ரெண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க, சூப்பரா போகும்." விட்டேன். முதல் குண்டு துப்பாக்கி வெடித்தது போன்ற சத்தத்துடன் போனது, பிஸ்டன் சீல் கருகியது. சாதாரண எண்ணெய் எதுவும் காற்று நெருக்கப்படும் அறைக்குள் போகவே கூடாது. பெல்லட் இல்லாமல் சுடுவதும் அதே மாதிரிப் பாவம்தான்: காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் இரும்பில் மோதும்.

படி 3: பிடி

மொத்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பீரங்கி சுடும்போது அதை யாரும் இறுக்கிப் பிடிப்பதில்லை. அது தன் வண்டியில் தானாகப் பின்னால் ஓடி நிற்கும். ஸ்பிரிங் ரைபிளையும் அப்படி விட வேண்டும். ஆங்கிலம் பேசும் சுடுநர்கள் இதை ஆர்ட்டிலரி ஹோல்டு என்கிறார்கள். முன் கையை விரித்த உள்ளங்கையாக வையுங்கள், விரல்கள் கட்டையைச் சுற்றவே கூடாது. கட்டை அந்த உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும். தோளில் தொடும் அளவுக்கு மட்டும் அழுத்தம். கன்னம் கட்டையில் படட்டும், அழுத்த வேண்டாம். விசைக் கையின் பிடி, கோழிக்குஞ்சைக் கையில் வைத்திருப்பது போல: நசுக்கவும் கூடாது, நழுவவும் கூடாது.

உள்ளங்கையை எங்கே வைப்பது? இதற்குத் துப்பாக்கிக்குத் துப்பாக்கி பதில் மாறும். முதலில் விசைக் காப்புக்கு முன்னால், சமநிலைப் புள்ளிக்கு அருகில் வைத்து ஐந்து சுடுங்கள். பிறகு 5 சென்டிமீட்டர் முன்னால் வைத்து ஐந்து. இன்னும் முன்னால், கட்டையின் அடியில் லீவருக்கான பிளவு தொடங்கும் இடத்தில் ஐந்து. மூன்று குரூப்பில் எது சிறியதோ அந்த இடத்தில் கட்டையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இனி கை அங்கேதான். ஒரு விரல்கடை தூரம் தள்ளி வைத்தாலே குண்டு மேலேயோ கீழேயோ போவதைப் பார்ப்பீர்கள். என் பிரேக் பேரலில் அந்த டேப் இன்னும் இருக்கிறது, இரண்டு முறை மாற்றி ஒட்டியாகிவிட்டது.

மேசையில் வைத்துச் சுட்டால் கட்டையை நேராக மரத்திலோ கல்லிலோ வைக்காதீர்கள். துள்ளி மேலே போகும். மணல் பையின் மேல் உங்கள் புறங்கை, புறங்கை கீழே இருக்க உள்ளங்கையில் துப்பாக்கி. டி.எக்ஸ் 200 போன்ற கனமான அண்டர் லீவர்கள் மென்மையான பையில் நேரடியாகக் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இலேசான பிரேக் பேரல் ஒருபோதும் பொறுக்காது. ஃபைன்வெர்க்பாவ் 300 எஸ்ஸுக்கு இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம், மற்ற போட்டி ரைபிளைப் போலவே பிடிக்கலாம். வகையின் வித்தியாசம் கையில் உறைப்பது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். குறி விலகியிருந்தால் கையால் தள்ளித் திருத்தாதீர்கள், உடம்பையோ பையையோ நகர்த்துங்கள். தசையால் தள்ளி வைத்த துப்பாக்கி, விட்டதும் தன் இடத்துக்கே ஓடும்.

படி 4: விசை, அதன் பிறகு வரும் ஒரு வினாடி

விசையை விரல் நுனிச் சதையால், நேர் பின்னால். லேசாக நகரும் முதல் கட்டத்தை எடுத்து, இறுக்கம் தட்டுப்படும் இரண்டாம் கட்டத்தின் சுவரில் நின்று, மூச்சு பாதி வெளியேறிய நிலையில் அழுத்தத்தைக் கூட்டுங்கள். எப்போது விடுபட்டது என்று நீங்களே திடுக்கிட வேண்டும்.

குண்டு போன பிறகும் தலையைத் தூக்காதீர்கள். அழுத்திய விரல் அழுத்தியபடியே இருக்கட்டும், குறி எங்கே போய் நின்றது என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் குறி ஒரே இடத்துக்குத் துள்ளி ஒரே இடத்தில் அடங்கினால் பிடி சரி. பெல்லட் எங்கே விழுந்தது என்று எட்டிப் பார்க்கும் அவசரம் பழகுநர்கள் எல்லோருக்கும் உண்டு. பெல்லட் இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே தலை தூக்குபவர்கள் உண்டு.

படி 5: பெல்லட்

10 மீட்டர் காகிதத்துக்குத் தட்டைத் தலை பெல்லட் போதும், வட்டமாக ஓட்டை போடுவதால் அளப்பதும் சுலபம். 20, 25 மீட்டரைத் தாண்டினால் உருண்டைத் தலைதான். தட்டைத் தலை அங்கே தள்ளாடத் தொடங்கும். கூர்முனை பார்க்கத்தான் பயங்கரம், துல்லியத்தில் பெரும்பாலும் கடைசி பெஞ்ச்.

ஜே.எஸ்.பி எக்ஸாக்ட், எச் அண்டு என் ஃபீல்டு டார்கெட் ட்ரோஃபி, ஆர்.டபிள்யூ.எஸ் என்று மூன்று நான்கு வகை வாங்கிப் பாருங்கள். ஒரே பெல்லட்டிலேயே தலை விட்டம் 4.50, 4.51, 4.52 என்று வரும், உங்கள் குழல் ஏதோ ஒன்றை விரும்பும். ஏன் என்று கேட்டுப் பயனில்லை. எடை 0.5 கிராமை ஒட்டி இருப்பது பெரும்பாலான 4.5 மி.மீ ஸ்பிரிங் ரைபிளுக்குப் பொருந்தும். வேக எண்ணைக் காட்டுவதற்காக வரும் இலேசான உலோகக் கலவை பெல்லட்டை ஒதுக்குங்கள். மிகக் கனமானதும் வேண்டாம்.

டப்பாவிலிருந்து எடுக்கும்போது பாவாடை ஓரம் நசுங்கியதைத் தனியே போடுங்கள். ஒவ்வொன்றையும் ஒரே ஆழத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தி வையுங்கள். வகை மாற்றினால் முதல் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழலில் பழைய ஈயம் படிந்திருக்கும்.

படி 6: குறியா, ஸ்கோப்பா

முதல் ஆயிரம் குண்டு இரும்புக் குறியில் சுடுங்கள் என்பேன். காரணம் மேலே சொன்ன கீல் சமாசாரம் மட்டுமல்ல, பிடியில் இருக்கும் தவறு அதில்தான் பளிச்சென்று தெரியும்.

ஸ்கோப் வாங்கினால் ஏர் ரைபிளுக்கென்றே செய்ததை வாங்குங்கள். ஸ்பிரிங் ரைபிளின் முன்னோக்கிய வெடுக்கு, பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்பின் உள்ளிருக்கும் கண்ணாடியையே இடம் பெயர்க்கும். பேரலாக்ஸை (கண் நகரும்போது குறி இடம் மாறித் தெரிவது) 10 மீட்டர் வரை இறக்கிச் சரிசெய்யும் வசதி வேண்டும். 90 மீட்டருக்கு நிலைப்படுத்திய 40 மி.மீ ஸ்கோப்பில் 10 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் ஓரத்துக்கு நகரும்போது ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் குறி தவறலாம். துப்பாக்கி மேல் பழியைப் போட இதைவிட வசதியான காரணம் கிடையாது.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் மவுண்டில் தடுப்பு ஊசி இருக்க வேண்டும், அது துப்பாக்கியின் பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கோப் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் ஊர்ந்து வரும். சில பிரேக் பேரல்களில் குழல் இயல்பாகவே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், பழைய டயானாக்கள் இதற்குப் பேர்போனவை. ஸ்கோப்பை முழுக்க மேலே திருகியும் குண்டு கீழே விழுந்தால், சாய்வை ஈடுகட்டும் மவுண்டைப் போடுங்கள். திருகை எல்லை வரை முறுக்கி வைத்தால் ஸ்கோப்புக்குள் இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து குறி அலையும்.

கால் நிமிடக் கோணக் கிளிக் (ஒரு நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்று ஸ்கோப்பில் எழுதியிருந்தால், 10 மீட்டரில் ஒரு கிளிக் வெறும் 0.7 மி.மீதான். ஒரு சென்டிமீட்டர் நகர்த்த 14 கிளிக். மூன்று கிளிக் திருகிவிட்டு "ஸ்கோப் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுக்கப் போனவரை எனக்குத் தெரியும்.

படி 7: அளப்பது

மூன்று குண்டு குரூப்பை நம்பாதீர்கள். மூன்று குண்டு அதிர்ஷ்டத்திலும் ஒட்டி விழும். பத்து சுடுங்கள், "இது என் தவறு" என்று சொல்லி எதையும் கழிக்காதீர்கள். வெளிப்பக்க ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்து 4.5 மி.மீ கழித்தால் மையத்திலிருந்து மைய அளவு கிடைக்கும்.

எது நல்ல எண்? என் அளவுகோல்: பிரேக் பேரலில் 10 மீட்டரில் பத்து குண்டு 10 மி.மீக்குள் வந்தால் கைகுலுக்கலாம். 15 என்றால் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். கனமான அண்டர் லீவர் 6, 7 மி.மீ தரும். 25 மீட்டரில் பிரேக் பேரல் 25 மி.மீ போட்டால் அது நல்ல துப்பாக்கி, நல்ல கை.

தூரம் கூட்டும்போது வீழ்ச்சி நினைவிருக்கட்டும். நொடிக்கு 244 மீட்டர் வேகத்தில் கிளம்பும் பெல்லட் 10 மீட்டர் போவதற்குள் 9 மி.மீ விழும், 30 மீட்டரில் அது 9 சென்டிமீட்டர் அளவுக்கு ஆகிவிடும். அங்கே காற்றும் சேர்ந்துகொள்ளும். காலை ஆறரை மணிக்குச் சுடுவதும் பதினொரு மணிக்குச் சுடுவதும் ஒன்றல்ல.

படி 8: அட்டையைப் படிப்பது

குண்டுகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் முன் கை இடம் மாறுகிறது, அல்லது மூச்சு சீராக இல்லை, அல்லது எண்ணெய் எரிந்து வேகம் மாறுகிறது. இடம் வலமாக நீண்டிருந்தால் விசை விரலையும் கன்ன அழுத்தத்தையும் பாருங்கள். சைடு லீவர் என்றால் சாய்வையும். தனித்தனியாக இரண்டு நெருக்கமான கூட்டங்கள் விழுந்தால் கை மேல் சந்தேகம் வேண்டாம், இயந்திரத்தில் ஏதோ இரண்டு நிலைகளுக்கு நடுவே தாவுகிறது: கட்டைத் திருகு, கீல், ஸ்கோப் மவுண்டு, இந்த வரிசையில் தேடுங்கள். ஒன்பது ஒட்டியிருந்து ஒன்று மட்டும் தனியே போனால் அந்த பெல்லட், அல்லது அந்தக் கணத்தில் ஓடிய நினைப்பு.

ஒரு பழைய நோட்டில் தேதி, பெல்லட், தூரம், குரூப் அளவு, கை வைத்த இடம் எழுதி வையுங்கள். ஒரே நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். பெல்லட்டையும் பிடியையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நாற்பது, ஐம்பது குண்டுக்கு மேல் ஒரே மூச்சில் சுடாதீர்கள். அடைக்கும் கை களைத்ததும் குரூப் விரியும், அது துப்பாக்கியின் குணம் என்று நினைத்துவிடுவீர்கள்.

படி 9: எப்போது பிரிக்க வேண்டும்

இத்தனையும் செய்தும் சரியாகாவிட்டால், வேகமும் குறைந்திருந்தால், ஸ்பிரிங் அல்லது பிஸ்டன் சீல் தேய்ந்திருக்கலாம். அடைக்காத நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் கொஞ்சம் அழுத்தத்தில்தான் இருக்கும். கடைசித் திருகைக் கழற்றியதும் பின்மூடி முகத்தை நோக்கிப் பாயலாம். ஸ்பிரிங் அழுத்தி என்ற சாதனம் இல்லாமல் வீட்டில் திறக்காதீர்கள். கேஸ் ராம் உருளையை மட்டும் யாரும் துளைக்கவோ வெட்டவோ கூடாது. ஸ்பிரிங்குக்கு இறுக்கமான உள் வழிகாட்டிக் குழாய் போட்டு, சரியான கிரீஸ் கொஞ்சமாகத் தடவித் திருப்பித் தரும் பழுதுநர் கிடைத்தால் விடாதீர்கள்: "டொய்ங்" சத்தம் போய் "தொப்" என்று ஒற்றைச் சத்தம் மட்டும் கேட்கும். திரும்பி வந்ததும் டேப் ஒட்டிய இடத்தை மறுபடி சோதியுங்கள், அனேகமாக ஒரு விரல்கடை நகர்ந்திருக்கும்.